கேமராவைப் பார்க்காத கல்யாணப் படம்



சென்ற ஞாயிறு என்னிடம் படித்த பெண் ஒருத்தி கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். தை மாதம் மெர்சிங்கில் திருமணம். தாயாரும் உடன் வந்திருந்தார். காப்பி ஆறுவதற்குள் வழக்கு என் முன்னால் வந்துவிட்டது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் 'டாக்குமெண்டரி' முறையில் படம் எடுக்க ஆசை. யாரையும் நிறுத்தி வைக்காமல், "சிரியுங்கள்" என்று சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடியே எடுப்பது. தாயாருக்கு அது பிடிக்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க டீச்சர், கேமராவைப் பார்க்காம எடுக்கிறது ஒரு படமா? சொந்தக்காரங்க மேடைக்கு வந்து நிக்கிறப்ப எடுக்க ஆளில்லேன்னா என்னைத்தானே கேப்பாங்க!"

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. அந்தக் காலத்தில் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த படக்காரரிடம் இருந்தது பிலிம் சுருள். 120 சுருளில் சதுரப் படம் 12தான் விழும். 35 மில்லிமீட்டர் சுருளில் 36. ஒன்று வீணானாலும் காசு. அதனால்தான் எல்லாரையும் மூச்சுவிடாமல் நிற்க வைத்தார்கள். சுருள் போய்விட்டது, விறைப்பு மட்டும் போகவில்லை. இன்றும் சில படக்காரர்கள், "மாப்பிள்ளை, தாலியை இன்னொரு தடவை பிடிங்க" என்கிறார்கள்! அட்சதையோடு நிற்கும் நமக்கு அவர்கள் முதுகுதான் தெரிகிறது.

விக்டோரியா மகாராணிக்கு 1840இல் திருமணம். தம்பதியாக அவர்கள் நிற்கும் பேர்போன படத்தை ரோஜர் ஃபென்டன் எடுத்தது 1854இல், 14 ஆண்டு கழித்து! புதுமுறை வேறு. பத்திரிகைக்காரர் செய்தி எடுப்பதுபோல் கல்யாணத்தை எடுக்கும் வழக்கத்தை 1980களில் அமெரிக்காவில் பரப்பியவர்களில் ஒருவர் டெனிஸ் ரெஜி. 1996இல் கென்னடியின் மகன் தேவாலயத்தை விட்டு வரும்போது மனைவியின் கையை முத்தமிட்டாரே, உலகமே பார்த்த அந்தப் படம் இவர் எடுத்ததுதான்.

என் கதையையும் சொல்கிறேன். எனக்குத் தோட்டத்துப் பந்தலில்தான் கல்யாணம். நல்ல மழைக்காலம். தாரைவார்த்துக் கொடுத்த அப்பா, தாலி கட்டும் நேரத்தில் பக்கத்தில் இல்லை. வெகுநாள் எனக்கு மனத்தாங்கல். படக்காரரோடு வந்த பையன் தன் இஷ்டத்துக்கு எடுத்த ஒரு படம் பின்னால் கிடைத்தது. அதில் அப்பா பந்தலுக்கு வெளியே தொப்பலாக நனைந்து நின்று, தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் முட்டித் தள்ளுகிறார். உள்ளே எங்கள் தலைகள் தெரிகின்றன. அப்பா இன்று இல்லை. ஆல்பத்தில் வேறு நான்கு படங்களில் பட்டுத் துண்டோடு விறைத்து நிற்கிறார். அவற்றை நான் அதிகம் புரட்டுவதில்லை.

ஆகவே பெண்ணிடம் சொன்னேன்: வரிசைப் படத்துக்கு அரைமணி ஒதுக்கிவிடு. யார் யார் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடு. படக்காரத் தம்பிக்கு உன் தாய்மாமன் யார், வளர்த்த பாட்டி யார் என்று தெரியாது. காட்டிக் கொடுக்க ஓர் ஆள் போடு. பிறகு அவரை விட்டுவிடு. அவர் முன்பு எடுத்த ஒரு கல்யாணத்தை முழுதாகக் காட்டச் சொல். பொறுக்கி வைத்த பத்துப் படத்தைப் பார்த்து ஏமாறாதே. கூலியையும் கொடுக்கும் நாளையும் எழுதி வாங்கு. கடன் வாங்கிப் படம் எடுக்காதே.

படம் கைப்பேசியிலேயே கிடந்தால் கைப்பேசியோடு போய்விடும். கொஞ்சமாவது அச்சுப்போட்டு இரண்டு வீடுகளில் வையுங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வெள்ளம் வந்ததே, மறக்க முடியுமா? பசைத் தாள் ஆல்பமும் வேண்டாம். அந்தப் பசை நாளடைவில் பழுத்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

தாயார் எல்லாம் கேட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பினார்.

"அப்ப அந்தத் தம்பி சமையல்கட்டுக்கும் வருவானா டீச்சர்? நான் அங்க கட்டப் பழைய சேலையில்ல எடுத்து வச்சிருக்கேன்!"