கோப்பையினும் பெரிது உயிர்

(கருத்துக் கட்டுரை)

நுழையும் முன்

விளையாட்டுச் செய்திகள் வெற்றி தோல்விகளைப் பற்றியே மிகுதியாகப் பேசுகின்றன. ஆட்டத்தைக் காணச் சென்றவர்கள் நலமாக வீடு திரும்பினரா என்னும் கேள்வியை எழுப்புகிறது இக்கட்டுரை.

விளையாட்டரங்கில் உயிர்ச்சேதம் நேரும்போதெல்லாம், ரசிகர்கள் கட்டுப்பாட்டை மீறினர் என்னும் விளக்கமே முதலில் வெளிவருகிறது. சில வேளைகளில் அஃது உண்மை; சில வேளைகளில் வெறும் பழி. எவ்வாறாயினும் அது முழு விளக்கம் ஆகாது. கூட்டத்தை அழைத்தவர், அரங்கைத் தேர்ந்தவர், நுழைவுச்சீட்டை விற்றவர், வாயிலைக் காத்தவர் ஆகியோரின் பொறுப்பையும் சேர்த்து எண்ணினால்தான் அடுத்த துயரத்தைத் தடுக்க இயலும். ஐரோப்பியக் கழகக் கால்பந்தின் இரண்டு இறுதி ஆட்டங்கள் இதனை நமக்கு உணர்த்துகின்றன.

ஐரோப்பியக் கோப்பைப் போட்டி 1955ஆம் ஆண்டு தொடங்கியது. 1992 முதல் அது சாம்பியன்ஸ் லீக் என்னும் பெயரில் நடைபெற்று வருகிறது. யூஃபா எனப்படும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் இதனை நடத்துகிறது. இறுதி ஆட்டத்திற்குரிய அரங்கு முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது மோதும் கழகங்கள் இரண்டிற்கும் சொந்தமில்லாத ஊராகவே அமைகிறது. ஆகவே, பல்லாயிரம் ரசிகர்கள் அயலூருக்கு விருந்தினராகச் செல்கின்றனர். விருந்தினரைக் காப்பது அழைத்தவரின் கடமையன்றோ?

1985ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் அக்கடமை தவறியது. பெல்ஜியத் தலைநகர் பிரசெல்சின் ஹெய்சல் அரங்கில் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகமும் இத்தாலியின் யுவென்டஸ் கழகமும் மோதவிருந்தன. அரங்கு 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது, பராமரிப்பின்றிச் சிதைந்திருந்தது. லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய பகுதியை அடுத்து, எவர் பக்கமும் சாராத பொதுமக்களுக்கென ஒரு பகுதி விடப்பட்டிருந்தது. ஆனால் அப்பகுதிக்குரிய நுழைவுச்சீட்டுகளில் பல யுவென்டஸ் ரசிகர்களின் கைகளுக்கே சென்று சேர்ந்தன. இரு தரப்பினரையும் பிரித்து நின்றவை வலுவற்ற கம்பிவேலியும் சில காவலர்களுமே.

ஆட்டம் தொடங்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் இருந்தபோது, லிவர்பூல் ரசிகர் சிலர் வேலியைத் தாண்டிப் பாய்ந்தனர். அஞ்சி ஓடியவர்கள் எதிர்ப்புறச் சுவரோரம் நெருக்குண்டனர்; சுவரும் இடிந்து வீழ்ந்தது. 39 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32 பேர் இத்தாலியர். 11 வயதுச் சிறுவன் ஒருவனும் அவர்களுள் அடங்குவான். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஆட்டத்தைக் கைவிட்டால் கலவரம் பெருகும் என்று அஞ்சிய அதிகாரிகள், அதனைத் தாமதமாக நடத்தி முடித்தனர். பிளாட்டினி பெனால்டி வாய்ப்பில் அடித்த ஒரே கோலால் யுவென்டஸ் கோப்பையை வென்றது.

பாய்ந்தவர்கள் குற்றவாளிகள் என்பதில் ஐயமில்லை. லிவர்பூல் ரசிகர்கள் 14 பேருக்கு 1989ஆம் ஆண்டில் நீதிமன்றம் தண்டனை விதித்தது. இங்கிலாந்துக் கழகங்கள் ஐந்தாண்டுகள் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன; லிவர்பூலுக்கு அது ஆறாண்டுகளாயிற்று. எனினும், அதே நீதிமன்றம் பெல்ஜியக் கால்பந்துச் சங்கப் பொறுப்பாளர் ஒருவரையும் காவல் அதிகாரி ஒருவரையும் குற்றவாளிகள் எனக் கண்டது. வன்முறை தீப்பொறி என்றால், பழுதுற்ற சுவரும் முறையற்ற சீட்டு விற்பனையும் அதற்கு அருகில் குவித்துவைத்த வைக்கோல் ஆகும். பொறியை மட்டும் குறைகூறி வைக்கோலை மறப்பது அறிவுடைமை ஆகாது.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அமைப்பாளர்மேல் பழி சுமத்தினால், கலவரக்காரர்கள் தப்பிவிடமாட்டார்களா என்று சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஒருவருடைய பொறுப்பு மற்றொருவருடைய பொறுப்பைக் குறைப்பதில்லை. குற்றம் செய்தவரைத் தண்டிப்பது நடந்ததற்கு நீதி. அரங்கைச் செம்மைப்படுத்துவது நடக்கவிருப்பதற்குக் காப்பு. இரண்டும் வேண்டும்.

பழியை ரசிகர்மேல் மட்டும் சுமத்தும் பழக்கம் எத்தகைய அநீதிக்கு இட்டுச்செல்லும் என்பதை இங்கிலாந்திலேயே காணலாம். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில், உள்நாட்டுக் கோப்பையின் அரையிறுதி ஆட்டத்தில் நெரிசல் ஏற்பட்டது. அதனால் இறந்தோர் 97 பேர். அனைவரும் லிவர்பூல் ரசிகர்கள். ஹெய்சலின் நினைவு மாறாத காலமாதலால், ரசிகர்களே காரணம் என்னும் பொய்யைப் பலர் எளிதில் நம்பினர். ரசிகர்கள்மேல் குற்றமில்லை என 2016ஆம் ஆண்டில்தான் நடுவர் குழு தீர்ப்பளித்தது. இறந்தவர்களின் குடும்பத்தினர் 27 ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

ஹெய்சல் துயரத்தைத் தொடர்ந்து, ரசிகர் வன்முறையைத் தடுப்பதற்கான உடன்படிக்கையை ஐரோப்பிய மன்றம் 1985ஆம் ஆண்டிலேயே இயற்றியது. வன்முறையைத் தடுப்பது மட்டும் போதாது, பாதுகாப்பும் நல்ல வரவேற்பும் வேண்டும் எனக் கருதி, 2016 ஜூலை 3 அன்று புதிய உடன்படிக்கை ஒன்றையும் உருவாக்கியது. அது கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட இடம், பாரிசை அடுத்த செயின்ட் டெனிசிலுள்ள பிரான்சின் தேசிய அரங்கு.

அதே அரங்கில்தான் 2022 மே 28 அன்று லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதிய இறுதி ஆட்டம் நடைபெற்றது. நுழைவுச்சீட்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் குறுகிய வழியிலும் மூடிய வாயில்களின் முன்னும் நெருக்குண்டு நின்றனர். குழந்தைகளும் நின்ற கூட்டத்தின்மேல் காவலர்கள் கண்ணீர்ப்புகை வீசினர். ஆட்டம் அரை மணிநேரத்திற்கும் மேலாகத் தாமதமாயிற்று. ரசிகர்கள் காலந்தாழ்த்தி வந்ததே காரணம் என அரங்கின் திரையில் அறிவிப்புத் தோன்றியது. ஆனால் 2023 பிப்ரவரியில் வெளிவந்த தன்னாட்சிக் குழுவின் அறிக்கை, முதன்மைப் பொறுப்பு யூஃபாவையே சாரும் எனத் தெளிவுறுத்தியது. அன்று எவரும் உயிரிழக்கவில்லை. ரசிகர்கள் பொறுமை காத்ததும் அதற்கு ஒரு காரணமாகும். உடன்படிக்கை எத்துணைச் சிறந்ததாயினும், அது வாயிலில் நிற்பவரின் செயலாக மாறாவிடில் வெறும் தாளே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இஃது ஐரோப்பாவுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. 1980 ஆகஸ்டு 16 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன் அரங்கில், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் கழகங்கள் மோதியபோது எழுந்த கலவரத்தில் 16 பேர் உயிரிழந்தனர். பெருங்கூட்டம் திரளும் நாடு நம்முடையது. ஆதலின் ஹெய்சல் கற்பிக்கும் பாடம் நமக்கும் உரியது.

வழி அகலமானதா, சுவர் உறுதியானதா, நெருக்கடியில் வெளியேறக் கதவு உண்டா என்று வினவுவது ரசிகரின் உரிமை. அவற்றிற்கு ஆட்டத்திற்கு முன்பே விடை கூறுவது அமைப்பாளரின் கடமை. எதிரணியின் ரசிகரைப் பகைவராகக் கருதாமல், தம்மைப்போல் ஆட்டத்தை விரும்பி வந்தவராக மதிப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. கோப்பை அடுத்த ஆண்டும் வரும். போன உயிர் வாராது.

சிந்தித்து எழுதுக

1. ஹெய்சல் துயரத்திற்குக் காரணமானவற்றுள் ரசிகர்களின் பொறுப்பையும் அமைப்பாளர்களின் பொறுப்பையும் தனித்தனியே எழுதுக.
2. "ஒருவருடைய பொறுப்பு மற்றொருவருடைய பொறுப்பைக் குறைப்பதில்லை" – இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து விளக்குக.
3. உங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் பார்வையாளர் பாதுகாப்பிற்குச் செய்யவேண்டிய ஏற்பாடுகளை விளக்கி, உடற்கல்வி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுக.