குளிர்கால இருளும் ஒரு சிற்றலை வானொலியும்



இந்த நலவாழ்வுப் பக்கத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று பலதும் பேசுகிறோம். அவற்றுக்கு வைத்தியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. ஆனால் டிசெம்பர் மாதத்து ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிட, மகனும் மருமகளும் வேலையால் வந்து சேராத நேரத்தில், பேரப்பிள்ளைகள் தங்கள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பின், மாடிக் குடியிருப்பின் யன்னலோரம் தனியே இருக்கும் அப்பப்பாவுக்கு எந்த வைத்தியர் எதை எழுதிக் கொடுப்பார்?

எமது அபிப்பிராயம் இது: அவருக்கு ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

சிரிக்க வேண்டாம். தனிமை ஓர் உடல்நலப் பிரச்சினை என்பதை இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2023-இல் இதற்கென்றே ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024-இல் மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டபோது, செவிப்புலன் குறைவும் சமூகத் தனிமையும் அதில் இருந்தன. வானொலி கேட்டால் மறதிநோய் வராது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் சொல்வது அதைவிட மிகச் சிறிய விடயம். இருளும் நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு மனிதருக்கு ஏதாவது வேண்டும்.

எம்மவர்களில் பலருக்குச் சிற்றலை புதிதல்ல. 1990-களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர்! (தேகப்பயிற்சியும் ஆயிற்று என்று இப்போது பகிடியாகச் சொல்கிறோம்.) இரவானால் பிபிசி தமிழோசைக்காக ஒழுங்கையே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணி வந்தது. ஆனால் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியுமா? எந்த ஊரில் குண்டு விழுந்தது, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று அறிய நெஞ்சிடிப்போடு கேட்டது அது. இங்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் எம்மை விடவில்லை. வானொலியின் இடத்தைத் தொலைக்காட்சி பிடித்தது, பிறகு கைத்தொலைபேசி பிடித்தது. நள்ளிரவில் எழுந்து செய்தி பார்க்கும் முதியவர்கள் இன்னும் பல வீடுகளில் உண்டு.

பொழுதுபோக்காகச் சிற்றலை கேட்பது வேறு வகையானது. அங்கே செய்தி முக்கியமில்லை. தூரம்தான் முக்கியம். இந்தச் சிறு பெட்டியில், யன்னலோரம் தொங்கும் நாலு முழக் கம்பியில், இன்று எவ்வளவு தூரத்துக் குரலைப் பிடிக்கலாம் என்பதுதான் விளையாட்டு.

இந்த விளையாட்டுக்குக் குளிர்கால இருள் ஒரு கொடை. பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், பகல் வெயிலால் மின்னேற்றம் பெறும் ஓர் அடுக்கு உண்டாகிறது. தாழ்ந்த சிற்றலைகளை அது உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, அலைகள் தடையின்றி மேலே ஏறி, ஏறக்குறைய 300 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள இன்னொரு அடுக்கில் வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி இறங்குகின்றன. அதனால்தான் 49 மீற்றர், 41 மீற்றர் பகுதிகள் பகலில் செத்துக் கிடந்து, இருண்டதும் உயிர்பெறுகின்றன. குளிர்காலத்தில் இரவு நீளம். இடிமின்னலால் வரும் கரகரப்பும் குறைவு. சூரியனின் பதினொரு ஆண்டுச் சுழற்சி 2024 அளவில் உச்சத்தைத் தொட்டது. அது இறங்கிவரும் ஆண்டுகள் இந்தத் தாழ்ந்த பகுதிகளுக்கு நல்ல காலம். நாலரை மணிக்கு வெளிச்சம் போகிறதே என்று சலித்துக்கொள்பவர், 'அப்பாடா, இருண்டுவிட்டது' என்று பெட்டியைத் திருப்பும் நாளும் வரலாம்.

ஆனால் பிள்ளைகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய தமிழ் ஒலிபரப்புகள் திரும்ப வரும் என்று ஆசை காட்டக் கூடாது. 1941-இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரலுடன் சிற்றலையில் நின்றுவிட்டது. வெரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டது. எமது கனடாவின் சர்வதேச வானொலியும் 2012-இல் சாக்வில் நிலையத்தை மூடி இணையத்துக்குப் போனது. தமிழைத் தேடித் திருப்பிக்கொண்டிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

மிச்சம் இருப்பதும் கொஞ்சமல்ல. ருமேனியாவின் ஆங்கில ஒலிபரப்பு வரும். புளோரிடாவின் தனியார் நிலையங்கள் உரக்கக் கேட்கும். அதிகாலையில் வாய்த்தால் நியூசிலாந்து கிடைக்கும். 5, 10, 15 மெகாஹேர்ட்ஸில் கொலராடோவின் நேர நிலையம் நொடிக்கு நொடி 'டிக்' என்று அடித்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஆண் குரலில் நேரம் சொல்லும். கூர்ந்து கேட்டால், சில நாட்களில் அதற்குச் சற்று முன்பு மெல்லிய பெண் குரல் ஒன்றும் வரும். அது ஹவாயில் உள்ள நிலையம்! அந்தக் குரலை முதன்முறை பிடித்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.பி வசதியுள்ள பெட்டியாக இருந்தால், அத்திலாந்திக் மேலே பறக்கும் விமானங்கள் நியூபவுண்ட்லாந்தின் காண்டர் நிலையத்துடன் பேசுவதையும் கேட்கலாம். பிள்ளையை இலண்டனுக்கு வழியனுப்பிவிட்டு வந்த தாய்க்கு அதைவிட ஆறுதல் எது?

கேட்டதைக் கொப்பியில் எழுதி வைப்பது இந்தப் பொழுதுபோக்கின் பாதி. திகதி, அலைவரிசை, மொழி, எவ்வளவு தெளிவு என்று எழுத வேண்டும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுவது வழக்கம். எமது நேரத்துடன் குளிர்காலத்தில் ஐந்தும் கோடையில் நான்கும் மணித்தியாலம் கூட்ட வேண்டும். ஒலிபரப்பு நிலையத்துக்கு அறிக்கை அனுப்பினால், கேட்டதை உறுதிசெய்து கியூ.எஸ்.எல் அட்டை அனுப்பும் நிலையங்கள் இன்னும் உள்ளன. அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத ஒரு பேரப்பிள்ளை வேண்டும், உலகப்படத்தில் இடத்தைத் தேட இன்னொருவர் வேண்டும். அறைக் கதவு திறப்பதற்கு இதுவும் ஒரு வழி.

'இணையத்தில் எல்லாமே தெளிவாக வருகிறதே, ஏன் இந்தக் கரகரப்பு?' என்று இளையவர்கள் கேட்பார்கள். தெளிவாக வருவது உண்மை. ஆனால் தொலைபேசிக்கு முடிவே இல்லை. ஒரு காணொளி முடிய அடுத்தது தானே தொடங்கும். சிற்றலையில் ஒலிபரப்பு குறித்த நேரத்தில் முடிகிறது, அலையும் மங்கிவிடுகிறது, பெட்டியை நிறுத்திவிட்டுப் படுக்கப் போகலாம். கைக்கும் காதுக்கும் மூளைக்கும் வேலை இருக்கிறது. எமது பார்வையில் இது பெரிய வித்தியாசம்.

சில எச்சரிக்கைகள். காதுக்குள் காதொலிப்பான் வைத்துக் கேட்பவர்கள் சத்தத்தை அளவோடு வைக்க வேண்டும். வளர்ந்தவருக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை. மாதத்துக்கு மாதம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்றால், பெட்டியைக் குறை சொல்லாமல் செவிப்புலன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கம்பியை நடைபாதையில் விடாதீர்கள். முதியவர் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். மின்கம்பிகளுக்கு அருகில் எதையும் கட்ட வேண்டாம், இடி முழங்கும்போது வெளிக்கம்பியைக் கழற்றிவிடுங்கள். எல்.ஈ.டி விளக்கும் தொலைபேசி சார்ஜரும் பெரும் இரைச்சல் தரும். பெட்டியைப் பற்றரியில் இயக்கி யன்னலோரம் வைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். நூறு டொலர் அளவில் கிடைக்கும் பெட்டி தொடங்குவதற்குத் தாராளம்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு அந்தக் கரகரப்பே பழைய இரவுகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். பதற்றமோ நித்திரையின்மையோ கண்டால் வற்புறுத்த வேண்டாம். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, வேண்டுமானால் குடும்ப வைத்தியருடன் பேசுங்கள்.

வானொலி தூரத்துக் குரலைத்தான் தரும், பக்கத்தில் இருந்து கதைக்காது. ஆகவே இதைத் தனியே செய்வதைவிடச் சேர்ந்து செய்வது நல்லது. எமது சங்கத்தின் முதியோர் ஒன்றுகூடலில் ஒரு மேசையை இதற்கு ஒதுக்கலாம் என்பது எமது யோசனை. நிலவறையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பிலிப்ஸ், நஷனல், சோனி பெட்டிகள் இருந்தால் எடுத்து வாருங்கள். உள்ளே பற்றரி கசிந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.