இழப்பில்லாத இழப்பு

"ஓசியில கேக்குறியா? அப்ப நீ பாட்டையே கேக்கல மச்சி." அலுவலக நண்பன் ஒருவன் என்னிடம் சொன்னது. சொல்லும்போது அவன் காதில் இருந்தது ஒரு ஜோடி புளூடூத் இயர்பட்ஸ். பக்கத்தில் ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிறகு யோசித்தால், இது அவன் ஒருவனின் நம்பிக்கை அல்ல. காசு கட்டுகிறவனுக்கு நல்ல காது, கட்டாதவனுக்கு மட்டமான காது என்று ஒரு புதிய வர்ணப் பிரிவே உருவாகியிருக்கிறது. அதைத்தான் இங்கே கேள்வி கேட்க விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொள்வோம். இலவசமாகக் கேட்பவருக்குக் கைபேசிச் செயலியில் அதிகபட்சம் நொடிக்கு 160 கிலோபிட். சந்தா கட்டினால் 320. இதற்கு மேல் 'லாஸ்லெஸ்' என்ற இழப்பில்லாத வடிவத்தை 2025 செப்டம்பரில் அறிமுகப்படுத்தினார்கள். ஆப்பிள் மியூசிக் அதை 2021இலேயே கூடுதல் கட்டணமின்றித் தந்துவிட்டது. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். ஆக மொத்தம் 1,411 கிலோபிட். நான்கு நிமிடப் பாட்டு ஒன்று குறுந்தட்டின் தரத்தில் சுமார் 42 மெகாபைட், 320இல் 9.6, 160இல் 4.8.

எண்களைப் பார்த்தால் இலவசக்காரனுக்கு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு இசைதான் கிடைக்கிறது என்று தோன்றும். இங்கேதான் வழுக்குகிறோம். பிட்டும் இசையும் ஒன்றல்ல. பலமான தவில் அடி விழும் கணத்தில் அதை ஒட்டிய மெல்லிய ஒலிகள் நம் காதில் விழுவதில்லை. இந்த மறைப்பைக் கணக்கிட்டு, எப்படியும் கேட்காத பகுதிகளுக்குக் குறைவான பிட்டுகளை ஒதுக்குவதுதான் எம்.பி.3, ஏ.ஏ.சி., வோர்பிஸ் எல்லாவற்றின் அடிப்படை. ஏறக்குறைய ஒன்பதில் எட்டுப் பங்கு போனது உண்மை. போனதில் பெரும்பகுதி நமக்குக் கேட்டிருக்காது என்பதும் உண்மை.

நானும் ஒரு காலத்தில் நண்பனின் கட்சிதான். சந்தா கட்டிய முதல் நாள் 'அடடா, வயலின் எவ்ளோ துல்லியமா இருக்கு' என்று புல்லரித்தவன். அந்தப் புல்லரிப்பைச் சோதிக்க, சொந்தக் குறுந்தட்டிலிருந்து ஒரு பாடலை எடுத்து 160இலும் 320இலும் வோர்பிஸ் கோப்புகளாக மாற்றினேன். இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். இது முக்கியம், கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத் 'தரம்' என்று நம்பிவிடும். கம்பி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, எது எது என்று தெரியாமல் 16 முறை கண்டுபிடிக்க முயன்றேன். 12 சரியாக இருந்தால்தான் அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை என்று ஓரளவு சொல்லலாம். எனக்குக் கிடைத்தது 9. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வந்திருக்கும்.

வித்தியாசமே கிடையாது என்று சொல்லவரவில்லை. பழகிய காதுகள் சிம்பல் ஒலியிலும் கைதட்டலிலும் பிசிறைப் பிடித்துவிடும். 96, 64 என்று இறங்கினால் எனக்கே தெரியும். ஆனால் 320க்குக் காசு கட்டியவர்கள் 320 கேட்கிறார்களா? அமைப்பில் 'தானியங்கி' என்று விட்டுவைத்தால், நெட்வொர்க் தள்ளாடும் ரயில் பயணத்தில் தரம் தானாக இறங்கும். புளூடூத்தில் எல்லாக் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறை, வழக்கமான உயர்தர அமைப்பில் 328 கிலோபிட்டோடு நின்றுவிடும். வந்த இசையை அது மறுபடியும் ஒருமுறை சுருக்குகிறது. நண்பனின் 'இழப்பில்லாத' இசை அவன் காதுக்குப் போகும் வழியிலேயே இழந்துவிடுகிறது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். சந்தாச் சேவை ஒன்றில் 'லாஸ்லெஸ்' முத்திரையோடு இருந்த எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல் ஒன்றைப் பதிவுசெய்து அலைவரிசைப் படமாகப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் நறுக்கியதுபோல் எல்லாம் நின்றுவிட்டிருந்தது. பழைய நாடாவின் உயர் அலைகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறையும். இப்படி நேர்கோட்டில் அறுபடாது. இது பெரும்பாலும் 128 கிலோபிட் எம்.பி.3 விட்டுச்செல்லும் தழும்பு. அதாவது யாரோ எப்போதோ சுருக்கிய கோப்பை விரித்து, புதுப் பெட்டியில் போட்டு, 'இழப்பில்லாதது' என்று ஒட்டியிருக்கிறார்கள். பழைய சோற்றை வெள்ளித் தட்டில் வைத்த கதை. இன்னொரு பாடல் அரைச் சுருதி ஏறி ஒலிக்கிறது. வேகம் சரியில்லாத கேசட் டெக்கில் ஓடவிட்டிருப்பார்கள் போல. 160க்கும் 320க்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் நாம் இதைக் கேட்பதே இல்லை.

"காசு கட்டினா கலைஞனுக்குப் போகுதுல்ல?" என்பார்கள். விளம்பர வருவாயைவிடச் சந்தாவிலிருந்து அதிகம் போகிறது, சரி. நானும் இன்றுவரை கட்டுகிறேன். ஆனால் எதற்குக் கட்டுகிறேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. பாட்டு முடிந்த மௌனத்தில் 'உடனடிக் கடன் வேண்டுமா?' என்று ஒருவர் கத்தாமல் இருப்பதற்கு. இலவசத்தில் நிஜமாகவே இழப்பது அந்த மௌனத்தை; பிட்டுகளை அல்ல.

சந்தாதாரனாக நான் கேட்பது அதிக கிலோபிட் இல்லை. ஒவ்வொரு பழைய பாடலின் கீழும் மூன்று வரி போதும்: எந்த மூலத்திலிருந்து எடுத்தது, எந்த ஆண்டு, யார் மாற்றியது. மூல ஒலிநாடாக்கள் காத்திருக்கப்போவதில்லை. எழுபது, எண்பதுகளின் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. இளஞ்சூட்டில் உலர்த்தினால் சில வாரங்களுக்குத் தேறும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். சென்னையின் ஈரக்காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நாடா போய்விட்டால், மாதம் எவ்வளவு கட்டினாலும் திரும்ப வராது. அன்றைக்கு ஓசியில் கேட்பவனுக்கும் காசு கட்டிக் கேட்பவனுக்கும் ஒரே தரம்தான்.