பத்துக்கு ஏழு



கப்பலில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கவிதை அனுப்பியிருந்தான். நம்ம ஊர் ஜே.பி. சந்திரபாபுவைப் பற்றியது. "சார், பழையபடி சிவப்பு மையில திருத்தி மார்க் போடுங்க" என்று கீழே ஒரு வரி. பத்துக்கு ஏழு போட்டேன். "மூணு எங்க சார் போச்சு?" என்று கேட்டான். பதில் கொஞ்சம் நீளம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பேரப்பிள்ளைகளுக்காக முதலில் ஒரு அறிமுகம். சந்திரபாபு 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். ஆகஸ்ட் 5-ல் பனிமய மாதா திருவிழா கொண்டாடும் ஊருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். பிள்ளை வளர்ந்தது கொழும்பில். பிறகு சென்னைக்கு வந்து சினிமா வாய்ப்புக்கு அலைந்து, மனம் வெறுத்து உயிரை விடவும் துணிந்து, பிழைத்து எழுந்தவர். 1974 மார்ச்சில் இறந்தபோது வயது 46.

அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், நடுவில் தொண்டையை உடைத்து ஒரு சத்தம் கொடுப்பார். அதற்கு யோடலிங் என்று பெயர். நெஞ்சுக் குரலிலிருந்து சட்டென்று மேல்குரலுக்குத் தாவி, அதே வேகத்தில் கீழே இறங்க வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடப் பழகிய குரல் அது. அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளியாக இருந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் அதைத் தன் பாட்டில் வைத்தார். அங்கே கண்ட்ரி மியூசிக் என்கிற கிராமிய இசைக்குத் தந்தை என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் குரல் முதன்முதலில் இசைத்தட்டுக்காகப் பதிவான நாள் 1927 ஆகஸ்ட் 4. நம்ம ஆள் பிறந்த அதே மாதம்! என் மாணவன் இதைக் கவிதையில் அழகாகச் சேர்த்திருந்தான். அதற்கே மூன்று மதிப்பெண்.

கர்நாடக சங்கீதத்தின் சாயலில் சினிமாப் பாட்டு வளர்ந்த காலம் அது. அங்கே போய் உடைந்த குரலில் பாட ஒரு துணிச்சல் வேண்டும். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர், மெட்ராஸ் பாஷையை அந்த ஊர்க்காரர்களே அசந்துபோகும்படி பேசினார். ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் முன்னால் பாடி, அவர் பாராட்டியதும் உரிமையோடு அவர் மடியிலேயே போய் உட்கார்ந்தார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொன்னதற்கு இன்னும் நான்கு.

இனி, போன மூன்று. "யாருக்கும் வணங்காதவன், எதற்கும் வருந்தாதவன்" என்று கவிதையை முடித்திருக்கிறான். இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. கண்ணதாசன் கடன்பட்டு எடுத்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) படத்துக்கு ஒழுங்காக வராமல் அவரைப் படாதபாடு படுத்தியவரும் இதே சந்திரபாபுதான். ஒருவர் தன் குரலில் பாடுவது வேறு, காத்திருப்பவர்களைக் காக்க வைப்பது வேறு. முன்னதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். பின்னதற்குக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டையும் ஒரே மாலையில் கட்டி 'கெத்து' என்று பெயர் வைப்பது சரியில்லை. அவர் வணங்காதவரும் இல்லை. ஒரு தாவலில் சுருதி பிசகாமல் இருக்க எத்தனை நாள் சாதகம் செய்திருக்க வேண்டும்? தொழிலுக்கு வணங்காமல் அது வராது.

சரி, மாணவனைத் திருத்தியாச்சு. வாத்தியாரை யார் திருத்துவது?

பல வருஷத்துக்கு முன்னால், ஆண்டு விழா ஒத்திகை. கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் பாட வந்தான். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு. அவன் தாத்தாவிடம் கேட்டுப் பழகியதாம். மேலே போகும்போது குரல் உடைந்தது. காற்றையும் அலையையும் தாண்டிக் கேட்க வேண்டிய பாட்டு, அப்படித்தான் உடையும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏலே, தொண்டையச் சரி பண்ணிட்டு வா. இது மேடை, மீன் ஏலம் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போய் ரேடியோவில் சந்திரபாபு பாட்டுக்கு நான் தாளம் போட்டிருப்பேன். அதுதான் இன்று உறுத்துகிறது.

செத்தவருடைய துணிச்சலைப் பாராட்டுவது சுலபம், அவரால் நமக்கு இனி ஒரு தொந்தரவும் இல்லை. எதிரில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையனின் துணிச்சலைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டம். ஊரெல்லாம் இப்படித்தான், நான் மட்டும் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அன்று அந்த அறையில் வாத்தியார் நான் ஒருவன்தான்.

உங்களில் நிறையப் பேர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். பிள்ளை புதுவிதமாகப் பாடினால், பேசினால், ஒரு நிமிஷம் சிரிக்காமல் கேளுங்கள். நேரத்துக்கு வராவிட்டால் தாராளமாகக் கண்டியுங்கள். குரலைக் கண்டிக்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து வணக்கம் சொல்கிறான். நானும் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுகிறேன். சொல்ல வேண்டியதைச் சொன்னதில்லை. தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். அன்று தப்பு உன் தொண்டையில் இல்லை, என் காதில். அடுத்த தடவை பார்க்கும்போது நேரிலும் சொல்கிறேன். உனக்கு இன்னும் ஞாபகம் இருந்தால், அந்தப் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும்.

கவிதை எழுதியவனுக்கு: கடைசி இரண்டு வரியை மாற்றி அனுப்பு. பத்துக்குப் பத்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வாத்தியார்