தமிழால் குறைந்ததா மதிப்பெண்?

“பொருளியலைத் தமிழில் எழுதாதே, மதிப்பெண் வாராது” என்று நம் பிள்ளைகளின் காதில் ஓதும் கூட்டமொன்று பயிற்சிக் கூடங்களில் குடிகொண்டிருக்கின்றது. ஓதுவோரும் தமிழரே என்பதுதான் கொடுமை! பொருட்பாலுக்கென எழுபது அதிகாரங்களை ஒதுக்கிய நூலைப் பெற்ற இனத்துக்குப் பொருளைப் பற்றி எழுத மொழி இல்லையாம்! (பொருட்பால் முழுவதும் இற்றைப் பொருளியல் அன்று என்பதை யானும் அறிவேன்.)

உரிமை எதுவென்பதை முதலில் அறிந்துகொள்வோம். நடுவண் பணித் தேர்வாணையத்தின் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில், எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றாகிய தமிழில் விடை எழுதலாம். பொருளியலை விருப்பப் பாடமாகக் கொண்டால் தாள்கள் இரண்டு. தாளுக்கு 250 மதிப்பெண், மூன்று மணிநேரம். 2013-இல் தாய்மொழியில் எழுதும் உரிமையைக் குறுக்கி ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியபின் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வினாத்தாள்? இன்றும் அஃது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகின்றது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவன் தன் மொழியில் படித்துத் தன் மொழியில் எழுதுகின்றான். தமிழனோ அயன்மொழியில் படித்து, உள்ளத்துக்குள் பெயர்த்து, அதன்பின் எழுத வேண்டும். பத்து மதிப்பெண் விடைக்கு ஏறத்தாழ ஏழு மணித்துளிகளே வாய்க்கும் தேர்வில் இது சிறு சுமையா?

இச்சுமையைச் சொல்லி நம் குறையை மறைத்துக்கொள்வதும் தகாது. முன்பு என்னிடம் தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன் தன் பயிற்சி விடையொன்றைக் காட்டினான். ‘வட்டியை உயர்த்துவதால் உணவுப்பொருள் விலையேற்றம் தணியுமா? ஆய்க’ என்பது வினா. முதற்பக்கம் முழுவதும் பணவீக்கத்தின் இலக்கணமும் வகையும் வரலாறும்! பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்துக் குற்றங்களுள் மூன்று அங்கே குடியிருந்தன. கேட்டதை விட்டுக் கேளாததைப் பரப்பியது மற்றொன்று விரித்தல். ‘பன்முக அணுகுமுறை வேண்டும்’ என்பன போன்ற பொருளற்ற தொடர்களை அடுக்கியது வெற்றெனத் தொடுத்தல். முழக்கத்தோடு தொடங்கி, நேரம் போதாமல் நான்கு துண்டுச் சொற்களில் அடங்கியது சென்று தேய்ந்து இறுதல். இவ்விடையை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் மதிப்பெண் குறைந்தே இருக்கும். பழியோ தமிழின் தலையில்!

திரும்ப எழுதச் சொன்னேன். முதல் தொடரிலேயே முடிபைச் சொல்: வட்டி தேவையைத் தணிக்கும்; விளைச்சலைப் பெருக்காது. அடுத்து அஃது இயங்கும் வழியைச் சொல்: வட்டி ஏறினால் கடன் சுருங்கும், வாங்குவோர் கை சுருங்கும், தேவைக்கோடு இடப்பக்கம் நகரும். தக்காளி விலை ஏறியதோ அளிப்புக்கோடு இடப்பக்கம் பெயர்ந்ததால். இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து தமிழிலேயே பெயரிட்டால் அரைப்பக்க உரை மிச்சம். பின்னர்ச் சான்று: ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டியை 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அவ்வாறிருந்தும் 2023 சூலையில் காய்கறி விலையால் நுகர்வோர் விலையேற்றம் 7.44 விழுக்காட்டை எட்டியது. வட்டி அசையாமலேயே, புது விளைச்சல் சந்தைக்கு வந்தபின், செப்டம்பரில் 5.02-க்கு இறங்கியது. இறுதியில் மறுபக்கம்: உணவு விலையேற்றம் நீடித்தால் கூலியும் பிற விலைகளும் அதைத் தொற்றிக்கொண்டு ஏறும், அங்கே வட்டிக்கு வேலை உண்டு. ‘ஆய்க’ என்ற வினாவுக்கு இம்மறுபக்கம் இல்லாத விடை பாதி விடையே. அவன் எழுதி முடித்தபோது ஒன்றேகால் பக்கந்தான் ஆகியிருந்தது.

நம் தூயதமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். ஒரே விடையில் முதல் வரியில் ‘தேவை’, மூன்றாம் வரியில் ‘வேட்பு’, ஏழாம் வரியில் ‘கேட்பு’ என்று எழுதினால் திருத்துவோன் மூன்றும் ஒன்றென எவ்வாறு அறிவான்? ஒரு கருத்துக்கு ஒரு சொல்லை நாட்டி, முடிவுவரை அதனையே ஆளுக. கலைச்சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தைப் பிறைக்குறிக்குள் சேர்த்தெழுத ஆணையமே இசைவு தந்துள்ளது. முதன்முறை அச்சொல் வருமிடத்தில் அவ்வாறு எழுதுவதை யான் மறுக்கவில்லை. இதற்காக என்னைச் சினப்பவர் சினக்கட்டும்.

அந்த இளைஞன் இந்தியப் பொருளியல் பணித் தேர்வும் எழுத விழைகின்றான். அதனை நடத்துவதும் இதே ஆணையமே. அங்கே பொருளியல் தாள்கள் நான்கு, தாளுக்கு 200 மதிப்பெண். பொது ஆங்கிலத்துக்குத் தனியே 100. அத்தனைக்கும் ஆங்கிலத்தில் மட்டுமே விடை எழுத வேண்டும். ஒரே ஆணையம், ஒரே பொருளியல். ஒரு தேர்வில் தகுதியுடையதாயிருந்த தமிழ் மற்றொன்றில் தகுதியற்றுப் போனதற்குக் கரணியம் என்ன? ஆணையம் விடை சொல்லட்டும். மற்றொன்று விரியாமல் சொல்லட்டும்!