கட்டி முடியும் முன்

ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் மாடிகள் இல்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் சிற்றறைகளே உண்டு. மருந்து கையாளும் அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. விபத்து நேர்ந்தால் எத்தனை உயிர்கள் அகப்படும் என்பதை முன்னரே எண்ணி வகுத்த கணக்கு அது. அக்கணக்கு மீறப்படும்போது என்ன நேரும் என்பதை இவ்வட்டாரத்து வீடுகள் நன்கறியும்.

வானளாவ எழும் குடியிருப்புகளிலும் இத்தகைய கணக்கு வேண்டும் என்பது என் கருத்து. சென்னைப் போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடங்கள் இரண்டு அருகருகே எழுந்துகொண்டிருந்தன. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை மழையின்போது அவற்றுள் ஒன்று சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் தமிழகத்தின் பிற ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளர்கள். மீட்புப்பணி தொடங்கியபோது இடிபாடுகளுக்குள் எத்தனை பேர் இருந்தனர் என்பதே உறுதியாகத் தெரியவில்லை.

எஞ்சிய கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. அருகில் வாழ்ந்தோர் முன்னதாகவே அப்புறப்படுத்தப்பட்டனர். சில நொடிகளில் வேலை முடிந்தது. ஓர் உயிரும் போகவில்லை. ஆளில்லாக் கட்டடத்தை வீழ்த்துவதில் காட்டிய எச்சரிக்கையை ஆளிருந்த கட்டடத்தை எழுப்புவதில் காட்டியிருக்கலாகாதா?

நகரில் நிலம் அரிது. மாடிமேல் மாடி தவிர்க்க இயலாதது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வீடு வாங்க வருவோர் தண்ணீரையும் மின்தூக்கியையும் பற்றிக் கேட்கின்றனர். மண்ணின் தாங்குதிறனைப் பற்றிக் கேட்பவர் அரியர். கற்காரையின் வலிமையை 28 நாள் கழித்துச் சோதிப்பது பொறியியல் வழக்கம். ஒப்படைக்கும் நாளைக் குறித்துவிட்டு விரைவோருக்கு அந்நாள்கள் சுமையாகத் தோன்றலாம். அவ்விரைவின் விலையை முதலில் கொடுப்பவர் சாரத்தில் நிற்பவரே. கட்டி முடித்தபின் வழங்கும் நிறைவுச் சான்று குடியேறுவோருக்குப் பயன்படும். சாரத்தில் நின்றவருக்கு அது காலங்கடந்த காகிதம்.

கட்டுமான வாயில்களில் முடிந்த கட்டடத்தின் வண்ணப்படத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். அதன் அருகே, மண் ஆய்வின் முடிவையும், கட்டமைப்புக்குப் பொறுப்பேற்ற பொறியாளரின் பெயரையும், இன்று உள்ளே வேலை செய்வோர் எத்தனை பேர் என்பதையும், அத்தொழிலாளர் படிக்கும் மொழியிலும் எழுதிவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். எண்ணிக்கையை நாள்தோறும் மாற்றி எழுத ஒரு சுண்ணக்கட்டி போதும்.