திறமையா, தேவையா: ஊவாவில் ஓர் அணி எழுமானால்

இலங்கையின் ஊவா மாகாணத்துக்கென்று ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் இல்லை. 2021இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கிய சுப்பர் லீக்கில் மலைநாட்டிலிருந்து இடம்பெற்றது நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் மட்டுமே. மாகாணத் தலைநகர் பதுளையில் அப்படியொரு கழகம் எழுமானால், வந்தவர்களில் ஆகத் திறமையானவர்களை எடுப்பதா, அணியில் ஓட்டை விழுந்த இடத்துக்கு ஆள் தேடுவதா என்ற கேள்வி முதல் நாளே எழும்.

தேயிலைத் தோட்டத்து ஆட்டம் அந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்குகிறது. பசறை, லுணுகலை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பக்கங்களில் சமதரை அரிது. தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களமோ கோயில் முன்றலோ, கிடைத்த இடத்தில் ஐந்தாறு பேராகப் பிரிந்து ஆடும் பையனுக்குப் பந்தைக் காலடியில் ஒட்டி வைத்திருக்கத் தெரியும். இருவருக்கு நடுவே நழுவத் தெரியும். ஓங்கி உதைத்தால் பந்து பள்ளத்துக்குப் போய்விடும். எடுத்து வருவதற்குள் ஆட்டம் ஆறிவிடும். ஆகவே நீண்ட உதையும் தலைமுட்டும் பழக்கத்தில் வருவதில்லை. சரளைக் கல் கிடக்கும் தரையில் பாய்ந்து விழ எந்தக் கோல்காப்பாளருக்கும் மனம் வராது. தெரிவு நாளில் திறமையை மட்டும் பார்த்தால் முதல் பதினைந்து பேரும் சுறுசுறுப்பான நடுக்கள வீரர்களாகவே அமைவார்கள். 105 மீற்றர் நீள மைதானத்தில் அந்த அணி மூலை உதை ஒவ்வொன்றுக்கும் நடுங்கும்.

அந்த நடுக்கம் வீணல்ல. 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த இந்தியன் சுப்பர் லீக் இறுதியாட்டத்தை சென்னையின் எஃப்.சி. 3-2 என வென்றது. அதில் இரண்டு கோல்கள் மைல்சன் அல்வெஸ் என்ற பிரேசில் பின்கள வீரர் தலையால் முட்டியவை. அதே பருவத்துக்கான வீரர் தெரிவில் புதுக் கழகமான ஜம்ஷெட்பூர் முதலாவதாக எடுத்ததும் கோல் அடிப்பவரை அல்ல, அனஸ் எடத்தொடிகா என்ற பின்கள வீரரை. முதல் ஆண்டிலேயே பத்து அணிகளில் ஐந்தாவதாக வந்தது.

திறமைக் கட்சிக்கும் வலுவான சான்று உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பெக்கர்ஸ், தன் முதன்மை வீரர் பிரெட் ஃபார்வ் இருக்கும்போதே 2005இல் அவர் ஆடிய அதே இடத்துக்கு ஆரன் ரொஜர்ஸை எடுத்தது. மூன்று பருவம் காத்திருந்து முதன்மை வீரரான அவர், 2011 பெப்ரவரியில் லீக் கிண்ணத்தை வென்று கொடுத்தார். ஆனால் அது பணக்கார லீக்கின் பொறுமை. இங்கே பெஞ்சில் உட்கார வைத்த தோட்டத்துப் பையன் மூன்றாம் மாதமே கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

இலங்கைத் தேசிய அணி தன் ஓட்டைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் கண்டது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்ற காலத்து அணியில், ஜெர்மனியில் வளர்ந்த குளோடியோ கம்மர்க்னெக்ட் போன்ற புலம்பெயர் வம்சாவளியினர் சேர்ந்தார்கள். கோல் வாசலில் உள்ளூரின் சுஜான் பெரேரா நின்றார். கடவுச்சீட்டைக் காட்டி ஆள் சேர்க்கும் அந்த வழி மாகாணக் கழகத்துக்கு இல்லை. அதன் பணப்பையும் சிறிது.

ஆகவே ஊவா அணிக்கு இரண்டையும் பிரித்து வைப்பதே பொருந்தும். கோல்காப்பாளரையும் இரு மையப் பின்கள வீரர்களையும் தேவை பார்த்தே எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தோ நீர்கொழும்பிலிருந்தோ வந்தாலும் சரி, சம்பளத்தில் பெரும்பங்கு அந்த மூவருக்கே போகட்டும். மற்ற இடங்களைத் தோட்டத்துத் திறமையே நிரப்பிவிடும். அடுத்த கோல்காப்பாளரைத் தேடுபவர் உதைபந்தாட்டத் தெரிவுக்கு வருபவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது; கரப்பந்தாட்டப் பக்கமும் பார்க்க வேண்டும். கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. தோட்டப் பாடசாலைகளிலும் வலை கட்ட அதிக இடம் வேண்டியதில்லை. எம்பிக் குதித்துப் பந்தைக் கையால் கணிக்கப் பழகிய உயரமான பதினான்கு வயதுப் பையன் அங்கேதான் கிடைப்பான். அவனுக்கு விழுந்து பழகப் புல்தரையும் நான்கைந்து வருடமும் வேண்டும். அதுவரை வாசலில் வெளியூர்க்காரர் நிற்பார்.